பிள்ளை படிக்கிறதா, ஒப்பிக்கிறதா?

டீச்சரிடம் கேளுங்கள்

(இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாசிப்பைப் பற்றியவை. பிள்ளைகள் படிப்பதைக் கவனிப்பது எப்படி, கவனித்ததை எழுதி வைப்பது எப்படி என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள். தொண்டிக்கும் சாயல்குடிக்கும் இடையே கடலோரத் தொடக்கப்பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.)

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. முதல் மூன்று வகுப்புகளும் என் பொறுப்பு. ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் கவனித்துக் குறிப்பெழுதச் சொல்கிறார்கள். எமிஸ் இணையப் பதிவு, காலை உணவு, சத்துணவு, பதிவேடுகள் எல்லாவற்றுக்கும் பிறகு இதற்கு ஏது நேரம்?
– ஓர் ஆசிரியை, தேவிபட்டினம் அருகில்

நேரம் இல்லை என்பது உண்மைதான். நேரம் இருக்கிறது என்று வாதிடுகிற பயிற்சியாளர் யாராவது இருந்தால் ஒரு வாரம் உங்கள் வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள், தெளிந்துவிடுவார்.

ஆனால் நீங்கள் "ஒவ்வொரு பிள்ளையும்" என்று தொடங்கியதும் மலைப்பு வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பிள்ளைகள் என்றால் பத்துப் பள்ளி நாளில் ஒரு சுற்று முடியும். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். நன்றாகப் படிக்கிற பிள்ளையை ஒரு சுற்று விட்டுவிடலாம். திணறுகிற பிள்ளையிடம் அதே வாரத்தில் இரண்டாம் முறை போகலாம். எல்லாருக்கும் சம அளவு நேரம் கொடுக்க இது ரேஷன் கடை அல்ல.

பிள்ளையை உங்கள் மேசைக்கு அழைக்காதீர்கள். நீங்கள் எழுந்து போய் அது உட்கார்ந்திருக்கும் பாயில் பக்கத்தில் உட்காருங்கள். மேசைக்கு அழைத்தால் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைக் கூரையில் வைத்து, பள்ளிக்கூடமே அதிரும்படி கத்தும். அது ஒப்பித்தல். பாயில் பக்கத்தில் உட்கார்ந்து "இது என்ன கதை, எனக்குக் கொஞ்சம் படித்துக் காட்டு" என்று கேட்டால்தான் அசல் வாசிப்பு வெளியே வரும்.

எழுதும்போது "நன்று", "முன்னேற்றம் தேவை" என்றெல்லாம் எழுத வேண்டாம். முன்னேற்றம் எனக்கும் தேவை, உங்கள் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தேவை. அதை எழுதி நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? இப்படி எழுதுங்கள்: "ஜூலை 8, பக்கம் 14. 'தொட்டி' என்பதைத் 'தெட்டி' என்றாள். 'கொடி'யையும் 'கெடி' என்றாள். கொம்பைப் பார்க்கிறாள், துணைக்காலை விட்டுவிடுகிறாள். நாளை கெ–கொ, தெ–தொ சோடி அட்டைகள்." இவ்வளவுதான். மறுநாள் காலை நோட்டைத் திறந்தால் வேலை அதிலேயே காத்திருக்கும். மறுநாள் செய்ய ஒன்றும் தராத குறிப்பு என்றால் எழுதின நேரம் வீண்.

பிள்ளை படிக்கும்போது பிழைகளை எப்படிக் குறிப்பது? எல்லாவற்றையும் எழுத முயன்றால் கை ஓடவில்லை, எண்ணிக்கை மட்டும் போட்டால் ஒன்றும் விளங்கவில்லை.
– வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆன ஆசிரியர், மண்டபம்

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நியூசிலாந்தில் மேரி க்ளே என்றோர் அம்மையார் இதற்கு ஒரு முறை வகுத்தார். பிள்ளை உரக்கப் படிக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, சரியாகப் படித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டே போவார். தவறினால் பிள்ளை சொன்னதை மேலேயும் புத்தகத்தில் உள்ளதைக் கீழேயும் எழுதுவார். பிள்ளை தானே திரும்பி வந்து திருத்திக்கொண்டால் அதற்குத் தனிக்குறி. அது பிழைக் கணக்கில் சேராது. நூறு சொல்லில் தொண்ணூற்றைந்தோ அதற்கு மேலோ சரியென்றால் அந்தப் புத்தகம் பிள்ளைக்கு எளிது, தொண்ணூறிலிருந்து தொண்ணூற்று நான்கு வரை என்றால் சொல்லிக்கொடுக்கத் தோதானது, அதற்கும் கீழே என்றால் கடினம் என்று ஒரு கணக்கும் உண்டு.

டிக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தானே திருத்தினால் "தி", உதவி கேட்டால் "கே", சொல்லை விட்டுத் தாவினால் "வி" என்று பக்கத்தில் போடுங்கள். கை ஓடும். அந்த நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கைத் தமிழில் நான் அவ்வளவு நம்புவதில்லை. "படகிலிருந்து", "கடற்கரையிலிருப்பவர்களுக்கு" என்று நம் சொற்கள் வால் நீண்டவை. வாலில் ஒரு பிசகு என்றாலும் முழுச் சொல்லும் பிழையாகிவிடும். ஆகவே எத்தனை பிழை என்பதைவிட என்ன பிழை என்று பாருங்கள்.

"மீனவர்கள் வலையை இழுத்தார்கள்" என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றே சொல்.

ஒரு பையன் "மீனவங்க வலைய இழுத்தாங்க" என்று மளமளவென்று சொல்கிறான். எண்ணிப் பார்த்தால் மூன்றுக்கு மூன்றும் தப்பு, மதிப்பெண் பூஜ்யம். உண்மையில் அவன் மூன்று சொல்லையும் படித்து, புரிந்து, தன் வீட்டுத் தமிழில் திருப்பிச் சொல்லியிருக்கிறான். இவனுக்கு எழுத்து அட்டை வேண்டாம். நிறையக் கதைகளை நீங்கள் உரக்கப் படித்துக் காட்டினால் புத்தகத் தமிழ் காதில் ஏறிவிடும்.

இரண்டாமவன் "மீனவர்கள் வாளையை இழுத்தார்கள்" என்கிறான். வெளியூர் ஆசிரியர் இதை உளறல் என்று நினைப்பார். இந்தக் கரையில் வாளை மீன் தெரியாத பிள்ளை கிடையாது. மீனவர் வாளையை இழுப்பதில் ஒரு தப்பும் இல்லை. பொருளை வைத்து ஊகிக்கிறான், எழுத்தை முழுதாகப் பார்க்கவில்லை. "நீ சொன்னதும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் 'வா' என்றால் துணைக்கால் இருக்க வேண்டுமே, எங்கே காட்டு" என்று கேட்டால் அவனே கண்டுபிடிப்பான்.

மூன்றாமவன் "மீனவர்கள் வலையை எழுத்தார்கள்" என்று படித்துவிட்டு நிற்காமல் அடுத்த வரிக்குப் போகிறான். மூன்றில் ஒன்றுதான் பிழை. மதிப்பெண்படி இவனும் இரண்டாமவனும் சமம், ஆனால் எனக்குக் கவலை இவனைப் பற்றித்தான். "எழுத்தார்கள்" என்று ஒரு சொல் உண்டா என்று இவன் காது கேட்கவே இல்லை. படிப்பது என்றால் எழுத்தைச் சத்தமாக மாற்றுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இவனோடு எழுத்தைப் பற்றிப் பேசுவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வரி முடிந்ததும் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள்.

நான்காவதாக ஒரு பெண். "மீனவர்கள் வாளை... இல்லை, வலையை..." இந்தத் "தி" குறி போடும்போது எனக்கு எப்போதும் மகிழ்ச்சிதான். கண்ணும் காதும் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பாராட்டும்போது அதைச் சொல்லியே பாராட்டுங்கள்: "நீயே திருத்திக்கொண்டாயே!"

இன்னொரு வகைப் பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும். புருவம் உயர்ந்தால் சொல்லை மாற்றும். அது புத்தகத்தைப் படிக்கவில்லை, உங்களைப் படிக்கிறது. அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருங்கள். நம் ஆட்களுக்கு அதுதான் கடினம். பிள்ளை தடுக்கினால் அந்த நொடியே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

என் மகள் இரண்டாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடங்கலில்லாமல் படிக்கிறாள். அவள் டீச்சரோ "இன்னும் வாசிக்க வரவில்லை" என்கிறார். யாரை நம்புவது?
– ஒரு தாய், கீழக்கரை

டீச்சரும் பொய் சொல்லவில்லை அம்மா, உங்கள் மகளும் ஏமாற்றவில்லை. கேட்டதை மனத்தில் நிறுத்தும் சக்தி அவளுக்கு அபாரமாக இருக்கிறது. மதரஸாவில் ஓதிப் பழகும் பிள்ளைகளிடம் இதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அது குறையல்ல, பெரிய முதல். ஆனால் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டால் அந்தப் பக்கத்தை வைத்து வாசிப்பைச் சோதிக்க முடியாது.

வீட்டிலேயே பாருங்கள். கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லை எட்டுகிறாள் என்றால் மனப்பாடம்தான். பிறகு பாடத்தில் இருக்கும் சொற்களை மட்டும் வைத்துப் புதிதாக இரண்டு வாக்கியம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதைப் படித்துவிட்டால் டீச்சரிடம் போய்ச் சண்டை போடலாம். நானும் உங்கள் பக்கம்.

அரபி வலமிருந்தும் தமிழ் இடமிருந்தும் எழுதுவதால் பிள்ளை குழம்புமோ என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் இதில் அதிகம் குழம்புகிறார்கள். தமிழையே அரபு எழுத்தில் எழுதிப் படித்த ஊர் உங்களுடையது. அரபுத் தமிழ் படித்த பாட்டிமார் யாராவது குடும்பத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போய்விட்டேன். மகன் மூன்றாம் வகுப்பு. அவன் சரியாகப் படிக்கிறானா என்று என்னைப் போன்றவன் எப்படிக் கண்டுபிடிப்பது?
– விசைப்படகுத் தொழிலாளி, பாம்பன்

உங்களால் முடியும் ஐயா. அவனைப் படிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் புத்தகத்தைப் பார்க்க வேண்டாம், கதையை மட்டும் கேளுங்கள். கேட்கிற உங்களுக்குக் கதை புரிகிறதா? புரிந்தால் அவன் ஓரளவு நன்றாகவே படிக்கிறான். சொற்கள் தனித்தனியாக உதிர்ந்து விழுந்து, என்ன சொல்கிறான் என்றே தெரியவில்லை என்றால் எழுத்துக்கூட்டும் நிலையில் இருக்கிறான். முடித்ததும் புத்தகத்தை மூடி, "என்ன நடந்தது, எனக்குச் சொல்" என்று கேளுங்கள். இதற்கு நீங்கள் ஐந்தாவதுகூட முடித்திருக்க வேண்டியதில்லை.

படகு போகாத நாளில் ஒரு பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கும் பெரும்பாலும் அப்போது விடுமுறைதான். அந்த வேளையில் கேரளப் பக்கம் வேலைக்குப் போகாமல் ஊரில் இருந்தால், அவன் படிக்க நீங்கள் கேட்க, அதைவிடத் தோதான காலம் வராது. பள்ளி திறந்ததும் டீச்சரிடம் "இந்தப் புத்தகம் படித்தான், இந்த இடத்தில் திணறினான்" என்று சொல்லுங்கள். அவர் நோட்டில் அது ஒரு நல்ல குறிப்பாக ஏறும்.

மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறேன். இங்கே பிள்ளைகள் "பழம்" என்பதைப் "பளம்" என்றும் "மழை"யை "மளை" என்றும் படிக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பிழையாகக் குறித்தால் நோட்டே சிவந்துவிடுகிறது.
– பெரியபட்டினம் அருகே ஓர் ஆசிரியர்

மதுரையில் எல்லாரும் "ழ"வைத் திருத்தமாகச் சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை; அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன்.

பேச்சில் இல்லாத ஒலியைப் படிக்கும்போது மட்டும் பிள்ளை எங்கிருந்து கொண்டுவரும்? வாசிப்புப் பிழையா, வட்டார உச்சரிப்பா என்று பிரிக்க எளிய வழி உண்டு. "பழம்", "பள்ளம்", "பல்" என்று மூன்று அட்டைகளை வைத்து, "சாப்பிடுவது எது?" என்று கேளுங்கள். சரியானதை எடுத்துவிட்டால் கண் சரியாகப் பார்க்கிறது. நாக்குப் பழக வேண்டியதுதான் பாக்கி. வாசிப்புக் குறிப்பில் அதற்கு டிக் போடுங்கள். உச்சரிப்புக்குத் தனியாக ஒரு பாட்டு, ஒரு நாப்பழக்கம் வையுங்கள். சொல்வதெழுதலில் "பளம்" என்று எழுதினால் மட்டும் அது வேறு வேலை.

பொருள் கேட்கும்போதும் இந்த எச்சரிக்கை வேண்டும். "மரிக்கொழுந்து" என்று ஒரு பிள்ளை சரியாகப் படித்துவிட்டு, என்னவென்று கேட்டால் "பாசி, டீச்சர்" என்று சொல்லும். தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற அம்மா ஒரு வகைப் பாசிக்கு அந்தப் பெயரைத்தான் சொல்கிறாள். வாசனைச் செடியைப் பற்றி அதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். புரியவில்லை என்று குறித்துவிடாதீர்கள்.

அந்தக் காலத்தில் அ, ஆ முதல் 247 எழுத்தையும் ஒப்பித்தோம், படித்தோம், ஆளானோம். இப்போது படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்து எழுதுவதெல்லாம் எதற்கு?
– ஓய்வுபெற்ற அலுவலர், இராமநாதபுரம்

ஆளானவர்கள் கடிதம் எழுதுகிறார்கள் ஐயா. உங்களோடு பாயில் உட்கார்ந்து மூன்றாம் வகுப்பில் நின்றுபோனவர்கள் எழுதுவதில்லை.

247 எழுத்தும் தெரிந்த பிள்ளை ஊகார வரிசையில் தடுக்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கூ, சூ, தூ, மூ என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலம். வரிசையாக ஒப்பிக்கும்போது வரும், தனியே கண்டால் வராது. எந்த எழுத்தில் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். இன்னொன்று: பேரனுக்கு நீங்களே எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய தும்பிக்கை போட்ட "லை", "னை" உங்கள் கையெழுத்தில் இன்னும் இருந்தால், பையன் தடுமாறுவது அவன் குற்றமல்ல.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் செயலியிலேயே மதிப்பீடு செய்து பிள்ளையின் நிலையைப் பதிந்துவிடுகிறோம். இதற்கு மேல் கையால் ஒரு நோட்டு எதற்கு? ஆய்வுக்கு வருபவர் கேட்டால் காட்ட வேண்டுமா?
– தலைமையாசிரியர், திருப்பாலைக்குடி

செயல்வழிக் கற்றல் ஏணி பார்த்தோம், முப்பருவமும், பாடம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீடும் பார்த்தோம், 2022 முதல் எண்ணும் எழுத்தும். ஒவ்வொன்றிலும் நல்லது இருந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்லும். ஏன் அங்கேயே நிற்கிறது என்று சொல்லாது. அரும்பு நிலையில் நான்கு பேர் இருந்தால் ஒருவன் புள்ளி வைத்த எழுத்தைத் தவறவிடுகிறான், ஒருத்திக்குக் குறில் நெடில் பிடிபடவில்லை, ஒருவன் வாரத்தில் பாதி நாள் வருவதில்லை, ஒருத்திக்குக் கரும்பலகை தெரிவதில்லை. நான்கு பேருக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியுமா?

ஆய்வுக்கு இந்த நோட்டைக் காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். காட்டுவதற்கென்று எழுத ஆரம்பித்தால் உடனே "நன்று, மிக நன்று" வந்துவிடும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: சுவரில் ஒட்டாதீர்கள். பிள்ளைகளின் பெயரும் அவர்கள் தடுக்கிய இடமும் ஊர் பார்க்க அல்ல. "இவன் அரும்பு" என்று பிள்ளைகளே ஒருவரையொருவர் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். பூவின் பெயர் வைத்தாலும் வசவு வசவுதான்.

ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் மௌனமாகப் படிக்கிறார்கள். சத்தமே இல்லாதபோது எதைக் கவனிப்பது?
– ஆசிரியை, தங்கச்சிமடம்

நிறைய இருக்கிறது. உதடு அசைகிறதா, விரல் ஓடுகிறதா, சிரிப்பு வரும் இடத்தில் சிரிக்கிறார்களா, பக்கத்திலிருப்பவரிடம் படத்தைக் காட்டுகிறார்களா, பக்கம் திரும்பவே இல்லையா. அரசின் வாசிப்பு இயக்கம் பள்ளிகளுக்குத் தந்த சிறு புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று எளிதிலிருந்து கடினம் வரை நிலைகள் இருக்கின்றன அல்லவா? எந்தப் பிள்ளை எதை எடுக்கிறது, எதைப் பாதியில் வைக்கிறது என்று ஒரு சொல் குறித்தாலே போதும். "பற" நிலைப் புத்தகத்தைக் கௌரவத்துக்காக மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நட்டுவாக்காலியைப் பற்றியோ ஆவுளியா என்கிற கடல்பசுவைப் பற்றியோ சுவையாக நீங்களே அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். ஆவுளியா என்றதும் தாத்தா சொன்ன கதையெல்லாம் வெளியே வரும், படிப்பும் வரும்.

புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோகிற பிள்ளை, பலகையில் தவறாகவும் புத்தகத்தில் சரியாகவும் படிக்கிற பிள்ளை, கூப்பிட்டால் ஒரு பக்கமாகவே திரும்புகிற பிள்ளை – இவர்களைப் பற்றி வாசிப்புக் குறிப்பு எழுதுவதற்கு முன் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வருடக் கடைசியில் இந்த நோட்டை என்ன செய்வது?
– அதே ஆசிரியை

அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். முழு நோட்டையும் அவர் படிக்கமாட்டார், நானும் படித்ததில்லை. ஆகவே ஒரு பிள்ளைக்கு இரண்டு வரி தனியாக எழுதிக் கொடுங்கள்: இப்போது எதைத் தானாகப் படிக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது. சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போகும் பிள்ளையின் கையில் அந்த இரண்டு வரியை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். பென்சிலில் எழுத வேண்டாம், அழிந்துவிடும். ஜூன் மாதம் பள்ளி திறந்து முதல் இரண்டு வாரத்துக்குள் புது ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். விடுமுறையில் சில பிள்ளைகள் பின்னால் போயிருக்கும், சில பிள்ளைகள் அக்காவோடு சேர்ந்து படித்து நம்மை மிஞ்சியிருக்கும்.